பத்தரமுல்லை வரட்டும் மன்னாருக்கு

தலைமன்னாரிலும் பேசாலையிலும் அகதிகளாகப் படகேறி இராமேஸ்வரம் போனவர்களுக்கு இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் சிலர் ஊர் திரும்பியிருக்கிறார்கள். கையில் தமிழ்நாட்டு ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, கடவுச்சீட்டு இல்லை. அது இல்லாமல் மாணவர் விசாவை நினைக்கவே முடியாது.

1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்ததால் மட்டும் அந்நாட்டுக் குடியுரிமை வராது. அந்நாட்டின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைச் சேர்க்கவில்லை. வழி இங்கேதான் இருக்கிறது. நமது குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதியவேண்டும்; தகுந்த காரணம் காட்டிப் பிந்தியும் பதியலாம். ஆனால் பெற்றோரின் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள். இடப்பெயர்வில் முதலில் தொலைந்ததே அதுதானே! தாயின் பெயர் முகாம் பதிவில் ஒருவிதம், பழைய அடையாள அட்டையில் இன்னொருவிதம். ஓரெழுத்துக்காகச் சத்தியக் கடதாசி, மறுபடியும் கொழும்பு பஸ்.

அலுத்துப்போய், படகில் வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லும் முகவரை நம்புவது ஆபத்து. விசா இல்லாமல் படகில் வருவோருக்கு 2013 ஜூலை முதல் அவுஸ்திரேலியா குடியேற இடம் கொடுப்பதில்லை.

பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களம் மன்னார் மாவட்டச் செயலகத்தில் குடியுரிமைப் பதிவுக்கென்றே நடமாடும் சேவை நடத்தவேண்டும். எழுத்துப் பிழைகளுக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலை அங்கேயே ஏற்கவேண்டும்.