அலமாரியின் சாவி யாரிடம்?

"நூலக அறையைக் காலி செய்துவிடலாம், சாமி. இப்போதுதான் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகிறதே!"

நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றின் பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இவ்வாறு கூறினார். தீய எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. நாற்காலிகளை அடுக்கிவைக்க இடம் தேவைப்பட்டது; பல மாதங்களாக எவரும் அவ்வறைக்குள் நுழைந்ததும் இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை. மூன்று அலமாரி நூல்கள் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடப்பட்டன. அவற்றுள் சில, எனக்கு முன்னிருந்த குருக்கள் தம் கைப்பொருளில் வாங்கிப் பெயரெழுதி வைத்துச் சென்றவை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியைக் காலங்கடந்து இங்கு எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும், தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூலின் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதன் பக்கங்களை இன்று ஒரு சிற்றூர் மாணவன் தன் கைப்பேசித் திரையில் காண முடியும். 1998 முதல் 'மதுரைத் திட்டம்' தன்னார்வலர்களின் உழைப்பால் சங்க இலக்கியம் தொடங்கி எண்ணற்ற நூல்களைக் கட்டணமின்றி வழங்கிவருகிறது. கண் மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். பார்வையற்றவர் செவியால் படிக்கிறார். இவற்றைப் பழிப்பவன் நன்றி மறந்தவன்.

காகிதம் அழியாதது என்றும் நான் வாதிட வரவில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர் நீத்ததை யாழ் மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். அவ்வேடுகளுக்கு மின்படிகள் அன்று இருந்திருந்தால் எவ்வளவு காப்பாற்றப்பட்டிருக்கும்! ஆகவே, நூலைக் காக்கும் கருவியோடு எனக்குப் பகை இல்லை. நூலகத்தின் நாற்காலியில் அக்கருவியை அமர்த்தி, நூலகத்தை வெளியே அனுப்பும் மடமையோடுதான் என் வழக்கு.

"எல்லாம் கிடைக்கிறது" என்கிறோம். யார் தருவதால் கிடைக்கிறது? எதுவரை கிடைக்கும்?

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் 'கிண்டில்' கருவியில் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை, அவர்களைக் கேளாமலே தொலைவிலிருந்து அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. ஆயினும், ஒருவர் வீட்டு அலமாரிக்குள் இரவோடு இரவாகக் கை நீட்டும் ஆற்றல் கடைக்காரருக்கு உண்டு என்பது அன்று வெளிப்பட்டது. 2019-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் அனைத்தும் வாசகர்களிடமிருந்து மறைந்தன. அங்கும் பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை.

பெரும்பாலான மின்னூல்களை நாம் வாங்குவதில்லை. படிக்கும் அனுமதியை மட்டுமே பெறுகிறோம். அதனைத் தங்கை மகளுக்குத் திருமணப் பரிசாகத் தர இயலாது. இறந்தபின் விட்டுச்செல்வதும் எளிதன்று. அச்சு நூலோ விற்ற மறுகணமே விற்றவன் கையை விட்டு நீங்கிவிடுகிறது. அதன்பின் அது கொடுக்கலாம், வாங்கலாம், கிழியலாம், காணாமலும் போகலாம். ஆனால் திருப்பி அழைக்கப்படாது.

386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் புனித அகுஸ்தீனின் வாழ்வு திரும்பிய நிகழ்ச்சி நமக்குத் தெரியும். பவுலடியாரின் மடல்களைத் திறந்து ஒரு பகுதியைப் படித்தார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அடுத்து நடந்ததையும் அவர் எழுதியுள்ளார். படித்த இடத்தை அடையாளம் செய்து நூலை மூடினார்; நண்பர் அலிப்பியுவிடம் காட்டினார்; நண்பர் அதற்கடுத்த வரியைப் படித்துத் தமக்கென ஏற்றுக்கொண்டார். ஒரே நூல், இரு கைகள், இரு மனமாற்றங்கள்! நூல் கைமாறும் பொருள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நூலகம் நூல்களின் கிடங்கு மட்டுமன்று. நம் ஊர்க் கிளை நூலகங்களுக்குச் சென்று பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளையோர் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து வந்து அமர்ந்திருப்பர். அவர்கள் தேடி வருவது ஒரு மேசை, ஒரு விளக்கு, சற்று அமைதி. ஓரறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் சமையலுக்கும் நடுவே படிக்கும் பெண்பிள்ளைக்கு இவற்றை எந்தக் கைப்பேசி தரும்? அது மடியில் இருக்கும்வரை மணியடித்து அவளை அழைத்துக்கொண்டேயல்லவா இருக்கிறது?

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம். 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய அச்சட்டத்தின் பின்னணியில் நின்றவர் எஸ். ஆர். அரங்கநாதன். நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. எனவே கிளை நூலகத்தில் புதிய நூல் இல்லை, கூரை ஒழுகுகிறது என்றால், கேட்பது பிச்சையன்று, உரிமை. "எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே" என்று நாமே சொல்லத் தொடங்கினால், அவ்வுரிமையை நாமே எழுதிக் கொடுத்தவராவோம்.

இனி, கசப்பான ஓர் உண்மை. அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பதாகும். அவ்விதியைக் கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே மீறியவர்கள் நாம். எத்தனை பங்குகளில் நூலகச் சாவி குருவானவரின் மேசை இழுப்பறைக்குள் உறங்கியது! நூல் அழுக்காகிவிடும், தொலைந்துவிடும் என்று பூட்டி வைத்தோம். கறையான் மட்டும் சாவி கேளாமல் உள்ளே சென்றது. எவரும் நுழையாத அறை என்று அப்பெரியவர் கூறியது மெய்யே. ஆனால் நுழைய விட்டேனா என்று அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே உங்கள் பங்கில் அலமாரி இன்னும் இருக்குமானால், அதைக் காலி செய்யுமுன் ஓராண்டு திறந்து வைத்துப் பாருங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இரண்டு மணி நேரம் போதும். சாவியைப் பங்குத்தந்தையிடம் விடாதீர்கள். இரண்டு இளையோரிடம் கொடுங்கள். ஒரு பதிவேடு, ஒரு மேசை, ஒரு விளக்கு வையுங்கள். சில நூல்கள் திரும்பி வராமல் போகலாம், போகட்டும். எங்கோ ஒரு வீட்டில் அவை படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். எடைக்குப் போன நூல்களைப் பற்றி அவ்வாறு சொல்லி என் மனத்தைத் தேற்றிக்கொள்ள எனக்கு வழியில்லை.