காலாட்டினால் போதுமா?

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிக்கொண்டே சாப்பிடலாம்' என்று ஒரு பழமொழி உண்டு. சிறு வயதில் இதைக் கேட்டபோது, அந்த ஊரில் ஊஞ்சலில் உட்கார்ந்து காலை ஆட்டினால் போதும், யாராவது வந்து இலை போட்டுப் பரிமாறிவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிப்பதைத்தான் 'காலாட்டுவது' என்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

போன ஆடி மாதம் அந்தக் காலாட்டத்தை நேரிலேயே பார்த்தேன். தை மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம். கூறைப்புடவைக்காகக் காஞ்சிபுரம் போனோம். அங்கே என் பால்ய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். "புடவையை அப்புறம் வாங்கலாம், முதலில் அது பிறக்கிற இடத்தைப் பாருங்கள்" என்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

நேயர்களே, கோர்வைப் புடவை நெய்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சரியாகக் கைகோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த வீட்டில் அது மனைவியின் வேலை. ஒரு வரி தவறினாலும் கண்டுபிடித்துப் பிரித்து மறுபடி நெய்ய வேண்டும். கூலியோ புடவை முடிந்த பிறகுதான். அப்போதும் முன்பணத்துக்கு ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள்.

நான் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியோ அந்த அம்மாளின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோடு இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

மெள்ள விசாரித்தோம். பையனுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டியிருந்ததாம். தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி.

எனக்குத்தான் உபதேசம் செய்யக் கசக்குமா? பிடித்துக்கொண்டேன். "கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தால் இதில் பாதி வட்டிகூட ஆகாதே! இன்னும் இரண்டு வாரத்தில் புடவை முடிந்து கூலி வந்துவிடும் என்கிறீர்கள். காலேஜில் இரண்டு வாரம் தவணை கேட்டிருந்தால் அடகே வைத்திருக்க வேண்டாமே!"

அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார் சொல்றது வாஸ்தவம்தான். ஆனா அன்னிக்கு அது ஒண்ணுமே தோணலை சார்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மனைவியிடம், "பார்த்தாயா? கையில் எப்பேர்ப்பட்ட தொழில்! ஆனால் முன்யோசனை என்பது மருந்துக்கும் இல்லை" என்றேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டின ரசீதை எங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

'அன்னிக்குத் தோணலை' என்ற அந்தச் சொல்லை நான் சாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அது சாக்கு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்கிற மனோதத்துவ ஆராய்ச்சி ஒன்று, காஞ்சிபுரத்துக்கு அடுத்த சீமையிலேயே நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் 2010-ல் நடத்தியது. செய்தவர்கள் அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர். 2013-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

கரும்புக்காரருக்குப் பணம் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அறுவடைக்கு முந்தின மாதங்களில் கை வறண்டு கிடக்கும். பிந்தின மாதங்களில் கொஞ்சம் தாராளம். ஆக, ஏழை ஒருவரையும் பணக்காரர் ஒருவரையும் தேடிப் பிடித்து ஒப்பிட வேண்டியதில்லை. ஒரே மனிதரே இரண்டுமாக இருக்கிறார்! 54 கிராமங்களில் 464 விவசாயிகளை எடுத்துக்கொண்டு, அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். முன்னால் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் நூற்றுக்கு 4 பேர்தான்.

சோதனை என்றால் பள்ளிக்கூடத்துப் பரீட்சை அல்ல. ஒரு படத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். எந்தத் துண்டு அங்கே பொருந்தும் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று எண் விளையாட்டு. நீங்களே செய்து பாருங்கள். கீழே ஒவ்வொரு வரியிலும் என்ன எண் இருக்கிறது என்று சொல்லாமல், எத்தனை எண் இருக்கிறது என்று மட்டும் சட்டென்று வாய்விட்டுச் சொல்லுங்கள்:

6 6 6
2 2 2 2 2
4
3 3 3 3

'மூன்று, ஐந்து, ஒன்று, நான்கு' என்று தடுமாறாமல் வந்ததா? வந்தால் உங்களுக்கு இன்றைக்குக் கவலை இல்லை என்று அர்த்தமாகாது. நாலே வரிதான் கொடுத்திருக்கிறேன்!

படப் புதிரில் அந்த விவசாயிகள் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரியாகச் செய்தார்கள், பிறகு 5.45. எண் விளையாட்டை முடிக்க முன்னால் 146 வினாடி ஆனது, பின்னால் 131. தப்பும் குறைந்தது.

'இரண்டாம் தடவை பழக்கம் வந்திருக்கும்' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சிலரை அறுவடைக்குப் பிறகே முதல் தடவையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். 'வெயில், மழை, பண்டிகை காரணமாயிருக்கலாம்' என்றால், அதற்கும் இடமில்லை. கரும்பு எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டப்படுவதில்லை. ஆலைக்காரர்கள் கட்டிங் ஆர்டர் கொடுக்கிற வரிசையில்தான் வெட்டு. ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார். அவருக்கு நாலு வயல் தள்ளி இருப்பவர் காத்துக்கொண்டிருப்பார்.

ஆக, ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது இதுதான். யோசனை இல்லாததால் கஷ்டம் வருகிறது என்று நாம் தீர்ப்புச் சொல்கிறோம். கஷ்டமே யோசனையில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடுகிறது என்கிறார்கள் அவர்கள். கடன்காரர் வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை. மனசுக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாலே போதும், அந்த இடத்தில் வேறு யோசனைக்கு இடம் கிடையாது.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது தர்மமில்லை. 2016-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், வருமானம் குறைந்தவர்களைச் சம்பளத் தேதிக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். யோசிக்கிற சக்தியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சம்பளத்துக்கு நாலு நாள் காத்திருப்பதும், வெட்டுக்கு நாலு மாதம் காத்திருப்பதும் ஒன்றாகுமா என்பது என் கேள்வி. அதற்காக விவகாரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

நெசவாளருக்கு இன்னும் கிட்டத்தில் வருகிற ஆராய்ச்சி ஒன்று ஒடிசாவில் நடந்தது. முல்லைநாதனே சுப்ரீத் கௌர் முதலியவர்களோடு சேர்ந்து செய்து 2021-ல் முதலில் வெளியிட்டார். சாப்பாட்டுக்கு இலை தைக்கிற வேலை. நம் ஊரில் மந்தார இலை தைப்பார்களே, அந்த மாதிரி. தைத்த கணக்குக்குக் கூலி. சிலருக்கு மட்டும் சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். ஒரு பைசா கூடுதல் இல்லை, அவர்களுடைய பணமேதான். வாங்கினவர்கள் செய்த முதல் காரியம் கடனை அடைத்ததும் வீட்டுச் சாமான் வாங்கியதும்தான். பிறகு அவர்கள் தைத்த இலை நூற்றுக்கு ஏழு கூடியது. தப்பும் குறைந்தது.

இலை தைப்பதிலேயே இப்படியென்றால், மூன்று நாடா ஓடுகிற கோர்வையில் எப்படி? காஞ்சிபுரத்தில் யாரும் இதை அளந்து பார்த்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் புடவை முடியும் வரை கூலியை நிறுத்தி வைப்பவர்கள், பாதி நெய்ததும் பாதிக் கூலியைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர்களுக்கு அதில் நஷ்டம் வருமென்று எனக்குத் தோன்றவில்லை. காலேஜ்காரர்களும், சம்பளம் கட்டும் கடைசித் தேதியைப் போடும்போது அது யாருக்கு எந்த மாதம் என்று ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.

புரட்டாசியில் மறுபடி காஞ்சிபுரம் போனேன். கூலி வந்து, தோடு திரும்பியிருந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்குமுன் நெசவாளரே, அடுத்த வருஷம் சம்பளத்துக்குக் கூட்டுறவு வங்கியில் சீட்டு மாதிரி மாதா மாதம் கட்டப்போவதாகவும், அதற்கு வட்டி எவ்வளவு வருமென்றும் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். அது நான் சொல்லிக்கொடுத்த கணக்கு அல்ல.

எண் விளையாட்டை இருபது வரி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சிநேகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள, முதலில் நெசவாளர் சொன்னார். ஒரே ஒரு தப்பு. அடுத்தது நான். மண்டபத்துக்காரர் பாக்கித் தொகையை விஜயதசமிக்குள் கட்டச் சொல்லி அன்று காலைதான் போன் செய்திருந்தார். ஆறு இடத்தில் தடுக்கி விழுந்தேன்.

"கடிகாரம் வேகமாக ஓடுகிறது" என்றேன்.

"அந்த ரசீதைத் தேடி எடுங்கள், கடிகாரம் சரியாகிவிடும்" என்றாள் என் மனைவி.