மெழுகுக்குள் ஒரு துண்டு

காலை லோக்கலில், தாம்பரம் தாண்டி சானடோரியம் வரும்போது எங்கள் கோஷ்டியில் யாராவது இருமினால், "எறங்கிடுங்க சார், உங்க ஸ்டாப்பு!" என்று கலாய்ப்பது வழக்கம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து டி.பி. நோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது.

போன வருஷம் அந்த ஜோக்கை நிறுத்திவிட்டோம். காரணம், ஜன்னலோர நண்பர். சிகரெட்டைத் தொட்டதில்லை. டீக்கடையில் நாங்கள் ஊதினால் நாலடி தள்ளி நிற்பார். மூணு மாசம் விடாத இருமல். எக்ஸ்ரேயில் நிழல். டி.பி.யாக இருக்கும் என்று முதலில் அதற்கு மாத்திரை. (நம் ஊரில் இது சகஜம்.) கடைசியில் நுரையீரல் கேன்சர். ஆபரேஷனில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள்.

"அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன சார் ட்ரீட்மென்ட்?" என்றார். நியாயமான கேள்வி. எடுத்தது கண்ணில் பட்டதை. படாமல் நழுவிய செல்கள் நாலைந்து எங்காவது உட்கார்ந்திருக்கலாம்.

செல்லின் மேல் காலிங் பெல் மாதிரி ஒரு புரதம் உண்டு. பெயர் ஈ.ஜி.எஃப்.ஆர். அடித்தால் செல் வளரும். சிலருடைய கட்டியில் மரபணுப் பிழையால் இந்த பெல் அழுந்தியே கிடக்கும். ஆசியர்களிடம், அதுவும் புகைக்காதவர்களிடம் இது அதிகம். பெல்லை அடக்கும் மாத்திரை ஆசிமெர்டினிப்.

'அடாரா' என்றொரு ஆராய்ச்சி. ஆபரேஷன் முடிந்த, இந்தப் பிழை உள்ள 682 பேர். ஒரு பாதிக்கு மூன்று வருஷம் தினம் ஒரு மாத்திரை. மறு பாதிக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வித்தியாசம் அப்படி இருந்ததால், 2020-ல் இரண்டு வருஷம் முன்னதாகவே முடிவை வெளியிட்டார்கள். 2023 கணக்குப்படி, ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 88 பேர்; வெறும் மாத்திரைக்காரர்களில் 78. பத்து உயிர் சார், நூற்றுக்கு! வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு எல்லாம் உண்டு. கீமோ தேவைப்பட்டால் அதுவும் உண்டு. பிழை இல்லாதவருக்கு இந்த மாத்திரை தண்டம்.

நண்பரின் ஃபைலைப் புரட்டினேன். அந்த டெஸ்ட்டே இல்லை. யாரும் எழுதவில்லை, இவரும் கேட்கவில்லை. நல்லவேளை, வெட்டி எடுத்த சதையில் ஒரு துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கி, டிபன் பையில் வைத்து, இதே ரயிலில் கொண்டுபோய் வேறு லேபில் கொடுத்தார்.

பிழை இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிழைக்காக வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மாத்திரை விலையைக் கேட்கும் வரை. படப்பையில் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு போயிற்று.

"மூணு வருஷம் முழுங்கறது மனை சார், மாத்திரை இல்ல" என்பார்.

நேற்று சானடோரியத்தில் எனக்குத்தான் புரையேறி இருமல் வந்தது. கோஷ்டி கப்சிப். ஜன்னலோரத்திலிருந்து குரல்:

"எறங்கிடுங்க சார், உங்க ஸ்டாப்பு!"