பயிரின் தாகமும் சித்திரைக் கிணறும்

நஞ்சை, புஞ்சை என்பவை நிலத்தின் பிரிவுகள். தீர்வை விதிப்பதற்குப் பயன்பட்டவை. செடிகளுக்கோ வேறொரு பிரிவு உண்டு. டென்மார்க் தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய யூஜீனியஸ் வார்மிங் என்பவர் 1895-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில், செடிக்கூட்டங்களை அவை வாழும் இடத்தின் ஈரத்தைக் கொண்டு வகுத்துக் காட்டினார். தாமரை, அல்லி முதலியன நீர்த்தாவரங்கள்; அவற்றின் தண்டில் காற்றுக் குழல்கள் உண்டு. கள்ளி, கற்றாழை முதலியன வறள்நிலத் தாவரங்கள்; அவை நீரைத் தம்முள் சேமித்து வைக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பவை இடைநிலைத் தாவரங்கள்.

குடியானவர் பயிரிடுபவை பெரும்பாலும் இந்த நடு வகுப்பைச் சேர்ந்தவையே. ஆயினும் அவற்றுள் தாரதம்மியம் மிகுதி. நெல், தேங்கிய நீரிலும் பிழைக்கும்படி வேரில் காற்றறைகளை உடையது. எள், நீர் தேங்கினால் அழுகிவிடும். சோளம், மழை தவறினால் இலையைச் சுருட்டி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, ஈரம் கண்டதும் மீண்டும் தழைக்கும். கரும்போ, ஊன்றியது முதல் வெட்டும் வரையில் 60 முதல் 100 அங்குல நீரை வேண்டுவது. கோயம்புத்தூர்ச் சமவெளியில் வருஷ முழுதும் பெய்யும் சராசரி மழை 30 அங்குலத்திற்கும் குறைவு. மீதியைக் கிணறுதான் தரவேண்டும்.

கார்த்திகையில் கிணறு நிறைந்திருப்பதைக் கண்டு, தையில் கரும்புக் கரணை ஊன்றுவோர் பலர். பயிர் தூர்கட்டி வளரத் தொடங்கும் சித்திரையில் கிணறு அடிமட்டம் காட்டுகிறது. பிறகு ஆழ்குழாய் இறக்கக் கடன். அதுவும் வற்றினால் கரும்பும் போய்க் கடனும் நிற்கிறது. இதனை விதியின் குற்றமென்று சொல்லுதல் பொருந்தாது. நீரை வேண்டாத மாதத்தில் கிணற்றை அளந்ததே குற்றம்.

கம்பிலும் சோளத்திலும் காசு ஏது என்று கேட்பாரும் உண்டு. கேள்வி நியாயமானதே. பூமி முழுவதிலும் கம்பையே விதைக்க வேண்டுமென்பதில்லை. சித்திரையில் ஒரு நாள் கிணற்றை இறைத்து, நீர் மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்கட்டும். அந்த ஊற்று எத்தனை சென்டு நிலத்திற்குப் போதுமோ, அத்தனையிலேயே கரும்பும் வாழையும் நிற்கட்டும். எஞ்சிய இடத்தில் சோளம், கம்பு, கொள்ளு இவை மழையை நம்பி வளரட்டும். விலை குறைந்தாலும் சோளம் வீட்டிற்குத் தானியமும் மாட்டிற்குத் தட்டும் தரும். காய்ந்த கரும்பு இவ்விரண்டில் எதற்கும் உதவாது.