இயற்பியலை மறுபடி எழுதலாமா?



மேல்நிலைத் தேர்வு, நீட் தேர்வு ஆகிய இரண்டின் முடிவுகளும் வந்தபின், ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. திருநீர்மலை, பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெற்றோருடன் வரும் மாணவர்கள் கேட்பது இதுதான்: "உயிரியலில் நல்ல மதிப்பெண். இயற்பியல்தான் காலை வாரிவிட்டது. இன்னும் ஓராண்டு வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுதலாமா, ஐயா?" 'எழுது' என்றோ 'எழுதாதே' என்றோ ஒரு சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. ஆனால் விடையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. அதை இங்கே காண்போம்.

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்வோம். நம் மாநிலத்தில் 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு நடந்து வந்தது. மேல்நிலைப் பாடங்களையே மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் 'மேம்பாட்டுத் தேர்வு' முறையும் அக்காலத்தில் இருந்தது. 2007 முதல் 2016 வரை மேல்நிலை மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவ இடங்கள் நிரப்பப்பட்டன. 2017 முதல் நீட் தேர்வு. 2025-ஆம் ஆண்டில் அத்தேர்வின் மொத்த மதிப்பெண் 720. இதில் இயற்பியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண்; அதாவது கால் பங்கு. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும்.

நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ. கே. ராஜன் குழு 2021-இல் தன் அறிக்கையை அளித்தது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள், மறுமுறை முயன்றவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. இவ்வெண்ணைப் பார்த்துப் பலர், "மறுபடி எழுதினால் இடம் கிடைத்துவிடும்" என்று எண்ணுகிறார்கள். இது பிழையான கணக்கு. இடம் பெற்றவர்களுள் எத்தனை பேர் மறுபடி எழுதியவர்கள் என்பதையே இவ்வெண் காட்டுகிறது. மறுபடி எழுதியவர்களுள் எத்தனை பேர் இடம் பெற்றார்கள் என்பது வேறு கேள்வி. மறுபடி எழுதுவது வெட்கப்படத்தக்க செயலன்று என்று மட்டுமே இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய அதே 45 இயற்பியல் வினாக்களை ஒரு விடுமுறை நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வேண்டாம், விடைக்குறிப்பும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தாளில் முழுமையாகச் செய்யுங்கள். பின்னர், தேர்வில் தவறிய வினாக்களை மூன்றாகப் பிரியுங்கள். தெரிந்திருந்தும் கவனக்குறைவால் தவறியவை ஒரு வகை. இப்போது நேரம் கொடுத்ததும் சரியாக வந்தவை இரண்டாம் வகை. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வராதவை மூன்றாம் வகை.

முதல் இரண்டு வகைகளே மிகுதி என்றால், துணிந்து ஓராண்டு படிக்கலாம் என்பது என் கருத்து. பயிற்சியால் வேகமும் கவனமும் கூடும். மூன்றாம் வகையே மிகுதி என்றால் சற்று நின்று எண்ண வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: திருநீர்மலைக் கோயிலின் படிகளில் ஒருவர் மெல்ல ஏறுகிறார், அதே எடையுள்ள மற்றொருவர் விரைந்து ஏறுகிறார். ஈர்ப்பு விசைக்கு எதிராக யார் அதிக வேலை செய்கிறார்? விரைந்து ஏறியவர் என்று விடை சொல்பவர் பலர். உண்மையில் இருவர் செய்த வேலையும் ஒன்றே, திறன்தான் வேறு. இந்த வேறுபாடு மனத்தில் பதியாதவர் ஆயிரம் கணக்குகளை மனப்பாடம் செய்தாலும், வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்பார். அவருக்குத் தேவை ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களை முதலிலிருந்து கற்பது. அதற்கு மனமிருந்தால் ஓராண்டு வீணாகாது. மனமில்லாமல், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிச் சென்ற ஆண்டு படித்த வழியிலேயே மீண்டும் படித்தால், அதே விடைத்தாளைத்தான் மறுபடியும் எழுதுவீர்கள்.

"மருத்துவருக்கு எதற்கு இயற்பியல்? இடம் கிடைத்தால் மறந்துவிடலாம்" என்று கூறுவாரும் உளர். குழாய்களில் நீர்மம் பாயும் விதியைக் கண்ட புவாசெய் ஒரு மருத்துவர். அழுத்த வேறுபாடும் நீளமும் மாறாதிருக்க, குழாயின் ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்கிறது அவ்விதி. இரத்தக் குழாய் சற்றுச் சுருங்கினாலும் ஏன் ஆபத்து என்பது இதனால் விளங்குகிறது அல்லவா? இரத்த அழுத்தம் பார்க்கும்போது கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், அளவு ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் கூடிவிடும். 1928-இல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் போன்ற காசநோய் மருத்துவமனைகளில் நுரையீரலைப் படம்பிடிக்க உதவிய எக்ஸ் கதிர்களை 1895-இல் கண்டறிந்தவர் இராண்ட்ஜன் என்ற இயற்பியலாளர். ஆகவே இயற்பியலைச் சுமையாக மட்டும் கருதி ஓராண்டைச் செலவிடுபவர், மருத்துவத்தின் ஒரு பகுதியையே சுமையாகக் கருதுகிறார்.

இறுதியாக ஒன்று. நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. ஆகையால் வரம்பை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு என்பது என் பரிந்துரை. குடும்பத்தின் சேமிப்பும் உங்கள் இளமையும் அளவுள்ளவை. சோதனை முடிவு சாதகமாக இல்லையென்றால் செவிலியம், உடலியக்க மருத்துவம், கதிரியல் தொழில்நுட்பம், மருத்துவ இயற்பியல் எனப் பல வழிகள் நோயாளியிடமே கொண்டு சேர்க்கின்றன. பெற்றோரே, "பக்கத்து வீட்டுப் பையன் மறுபடி எழுதுகிறான்" என்பதைக் காரணமாகக் கொள்ளாதீர்கள். மூன்றாகப் பிரித்த அந்த விடைத்தாளை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.