கடைக்கு வரிச் சலுகை, வாங்கியவருக்குப் பழைய தண்டனை

ஹெராயினோடு சேர்த்து, போதைப்பொருள் சட்டத்தின் மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்திருந்த கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு இறக்கும் முடிவைப் பெரும் சீர்திருத்தமாக முன்வைக்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி அரசு. 2024 மே மாதம் வரைவு விதியாக வெளிவந்து, விசாரணை தள்ளிப்போய்க் கிடப்பில் விழுந்து, 2025 டிசம்பரில் அதிபரின் ஆணையால் முடுக்கிவிடப்பட்ட இந்த மாற்றத்தைக் கஞ்சா நிறுவனங்கள் வரவேற்பதில் வியப்பில்லை. முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள பொருளைக் கூட்டாட்சிச் சட்டத்தை மீறி விற்பவர் கடை வாடகை, விளம்பரம் போன்ற செலவுகளை வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்பது 1982-இல் கொண்டுவந்த விதி. மூன்றாம் அட்டவணைக்கு அது பொருந்தாது. நிறுவனங்களின் வரிச்சுமை சட்டென்று இறங்கிவிடும். ஆனால் கஞ்சாவை அனுமதிக்கும் மாநிலச் சட்டத்தை நம்பி அந்தக் கடைக்குள் போனவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. மூன்றாம் அட்டவணையில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். கூட்டாட்சி அரசு அங்கீகரித்த மருந்தாக, மருத்துவர் சீட்டோடு வந்தால் ஒழிய, அதை விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாகவே நீடிக்கும்.

இந்தக் குற்றத்தின் முழுச் சுமையும் குடியுரிமை இல்லாதவர் தலையில் இறங்குகிறது. தமிழர்கள் அதிகம் வாழும் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி இரண்டு மாநிலங்களிலும் 21 வயது நிரம்பியவர் கடைக்குப் போய்க் கஞ்சா வாங்கலாம். கடைக்கு உரிமம் தருவது மாநில அரசு. விற்பனையில் வரி வசூலிப்பதும் அதே அரசு. குடிமகனுக்கு விவகாரம் அதோடு முடிகிறது. எச்-1பி வேலை விசாவிலோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு அங்கேதான் தொடங்குகிறது. குடியேற்றச் சட்டம் கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. மாநிலம் எதை அனுமதித்தது என்று அது பார்ப்பதில்லை. 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வெளியிட்ட கொள்கை விளக்கம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. மாநிலச் சட்டப்படி குற்றமே ஆகாத கஞ்சாப் பயன்பாடும், உரிமம் பெற்ற கஞ்சா நிறுவனத்தில் பார்த்த வேலையும் குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’ இல்லை என்று முடிவுகட்டப் போதுமானவை. வழக்கு வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். அதிகாரி முறைப்படி கேட்டு, விண்ணப்பித்தவர் உண்மையை ஒப்புக்கொண்டாலே சிக்கல்தான். வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்திலேயே நுழைவு மறுக்கப்படுவதற்கும் அந்த ஒப்புதல் இடம் தருகிறது. மறைத்துப் பொய் சொன்னால் அது இன்னொரு குற்றம். ஒரே ஒரு முறை, 30 கிராமுக்கு மிகாமல், சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்தவருக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. இரண்டாம் முறை வாங்கியவருக்கு அது உதவாது. அந்தக் கடையில் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கியவருக்கும் உதவாது. ஆக, குடிமகனான முதலாளிக்கு வரி குறையும். அவரிடம் வேலை பார்த்த கிரீன் கார்டுக்காரரின் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஒரே கடை, ஒரே உரிமம், ஒரே சரக்கு. இதில் யாரைத் தண்டிப்பது, யாரை விடுவது என்பதைக் குடியுரிமை தீர்மானிக்கிறது என்றால், அதைச் சட்டத்தின் ஆட்சி என்று எப்படி ஏற்பது?

தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதை விட்டுவிட முடியாது. வாஷிங்டனில் முடிவெடுப்போர் அரை நூற்றாண்டாக இப்படித்தான் நடந்துவருகிறார்கள். 1970-இன் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா முதல் அட்டவணைக்குப் போனது. அரசே அமைத்த ஆணையம், சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று 1972-இல் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 1988-இல் போதைப்பொருள் தடுப்பு முகமையின் சொந்த நிர்வாக நீதிபதியே இரண்டாம் அட்டவணைக்கு மாற்றச் சொன்னார், முகமை நிராகரித்தது. 2013-இல், ஒழுங்காக விதிமுறை வகுத்த மாநிலங்களில் தலையிட மாட்டோம் என்று நீதித்துறை குறிப்பாணை அனுப்பியது. அதை நம்பிப் பணம் போட்டவர்களும் வேலைக்குச் சேர்ந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, 2018 ஜனவரியில் அது ரத்தானது. தலைநகர் வாஷிங்டனின் வாக்காளர்கள் 2014-இல் கஞ்சாவை அனுமதிக்க வாக்களித்தார்கள். நாடாளுமன்றம் வரவு செலவு மசோதாவில் ஒரு வரியைச் செருகி விற்பனையைத் தடுத்தது. வைத்திருக்கலாம், விற்கக் கூடாது என்ற நிலை அங்கே வந்தது இப்படித்தான். 2022-இல் கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்குப் பொதுமன்னிப்பு வந்தது. அது கூட்டாட்சிச் சட்டத்தின் கீழும் தலைநகர்ச் சட்டத்தின் கீழும் வரும் குற்றங்களுக்கு மட்டும்; அதிலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் மட்டும். வேலை விசாவில் இருப்பவரையும் மாணவரையும் பெயர் சொல்லாமலே ஒதுக்கிய மன்னிப்பு அது. ஒவ்வொரு முறையும் பாதி வழி வந்து நிற்பது, நம்பியவரை நட்டாற்றில் விடுவது. இப்போதைய முடிவும் அதே வரிசையில் வருகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதுதானே கூட்டாட்சி என்று கேட்பார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வேறுபாட்டை நாம் எதிர்க்கவில்லை. நியூ மெக்சிகோவில் கடையில் வாங்கிய கஞ்சா மிட்டாய் எல்லை தாண்டி டெக்சாஸுக்குள் வந்தால் கடுங்குற்றம். அது கொடுமையான வேறுபாடுதான் என்றாலும், எல்லை எங்கே என்பதாவது தெரியும். 1933-இல் மதுவிலக்கை நீக்கியபோது மதுவைப் பற்றிய முடிவு மாநிலங்களிடம் போனது. மது விற்காத மாவட்டங்கள் இன்றும் உண்டு. பக்கத்து மாவட்டத்தில் சட்டப்படி குடித்ததற்காக யாருடைய குடியுரிமை விண்ணப்பமும் தள்ளுபடியாவதில்லை. கஞ்சாவிலோ, ஒரே தரையில் நிற்கும் ஒரே மனிதரை ஓர் அரசு அனுமதிக்கிறது, இன்னோர் அரசு தண்டிக்கிறது. குடியேறியவர் சட்டத்தைத் தெரிந்து நடக்க வேண்டும் என்ற வாதமும் எடுபடாது. தெரிந்துகொள்ளப் போனவருக்கு மாநில அரசின் உரிமம்தானே கண்ணில் படுகிறது? கஞ்சா தீங்கானது என்பதை, குறிப்பாக இளம் வயதினருக்கு, நாம் மறுக்கவில்லை. ஆனால் தீங்கைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பகிரங்கமாக நடக்கும் கடைகளுக்கு வரியைக் குறைப்பது என்ன நியாயம்? விற்பவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வாக்குரிமை இல்லாத வாடிக்கையாளரை மட்டும் பிடிப்பது தீங்கைத் தடுக்கும் முறை ஆகாது.

படிப்படியாகத்தான் மாறும் என்பது கடைசிச் சமாதானம். முதல் படி வாக்குரிமையும் பண பலமும் உள்ளவர்களுக்குக் கிடைத்தது. இரண்டாவது படி யாருக்கு, எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மாநிலம் அனுமதித்ததைச் செய்தவருக்கு எதிராக அந்தச் செயலைக் குடியேற்ற அதிகாரி பயன்படுத்த முடியாதபடி நாடாளுமன்றம் ஒரு வழி காண வேண்டும்; எந்த வடிவில் என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும். சட்டத்திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்றால், 2019 கொள்கை விளக்கமாவது குடியேற்றத் துறையே எழுதியதுதான். துறையே அதைத் திரும்பப் பெறலாம். கடைக்காரரின் வரிக்காக இத்தனை மெனக்கெட்டவர்கள் அதைத் தொடக்கூட இல்லை.