பெண்கள் குறைவா, அணிகள் மிகுதியா?

தில்லியில் நான் ஆய்வு மேற்கொண்டுவரும் வளாகத்தில், வார இறுதிகளில் கலப்பு அல்டிமேட் ஃப்ரிஸ்பீ தொடர் ஒன்று நடைபெறுகிறது. களமிறங்கும் எழுவரில் குறைந்தது மூவர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அதனை இருவராகக் குறைக்கலாம் என்றொரு முன்மொழிவு வந்துள்ளது. “பெண்கள் போதிய அளவில் வருவதில்லை” என்பதே காரணம். வரும் ஞாயிறன்று அணித்தலைவர்கள் கூடி முடிவெடுக்கவுள்ளனர். நான்கு ஆண்டுகளாக இத்தொடரில் ஆடிவரும் ஆண் என்ற முறையில் என் மறுப்பை இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்விளையாட்டின் பன்னாட்டுக் கலப்புப் போட்டிகளில் ஒரு பாலினத்தவர் நால்வரும் மற்றவர் மூவரும் களத்தில் இருப்பர். அந்த நான்காம் இடம் இரு பாலினத்தவருக்கும் மாறி மாறிக் கிட்டும். 1902இல் நெதர்லாந்தில் நிகோ புரூக்ஹய்சன் என்னும் ஆசிரியர் உருவாக்கிய கோர்ஃப்பாலிலோ அணிக்கு நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். எங்கள் தொடரில் ‘குறைந்தது மூவர்’ என்பது நடைமுறையில் ‘மூவர் மட்டுமே’ என்றாகிவிட்டது. ஏற்கெனவே ஒரு படி இறங்கி நிற்கும் நாம், இன்னொரு படியும் இறங்கலாமா என்று கேட்கிறோம்.

வராமைக்கான காரணத்தை எளிய கணக்கொன்று காட்டும். ஓர் அணியில் பத்து ஆண்களும் நான்கு பெண்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு ஆண்களும் மூன்று பெண்களும் இறங்கினால், ஓர் ஆண் பத்துச் சுற்றுகளில் நான்கில் ஆடுவார். ஒரு பெண்ணோ நான்கு சுற்றுகளில் மூன்றில் ஓடியாக வேண்டும். நால்வரில் ஒருவர் தேர்வுக்காகவோ முழங்கால் வலியாலோ வராவிடில், எஞ்சிய மூவருக்கும் ஓய்வே இல்லை. அடுத்த வாரம் இன்னொருவர் விலகுகிறார். களைப்பினால் விலகியவரை ஆர்வமின்றி விலகியவராகக் கணக்கில் எழுதிவிட்டு, அக்கணக்கையே விதிமாற்றத்துக்குச் சான்றாகக் காட்டுகிறோம்.

இருவராகக் குறைத்தால் வருவோருக்கு ஓய்வு கிடைக்குமே என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. எனினும், அதன்பின் ஐந்தாவது பெண்ணைத் தேடிச் செல்லும் தேவை எந்த அணித்தலைவருக்கும் இராது. மேலும், ஐந்து ஆண்கள் தமக்குள்ளேயே தட்டை வீசி ஆட்டத்தை முடித்துவிட இயலும். உடனிருக்கும் இருவர் வெறுமனே ஓடிக்கொண்டிருப்பர்.

ஓய்வு தருவதுதான் நோக்கமெனில், அணிகளின் எண்ணிக்கையைக் குறைப்போம். மேற்கண்ட கணக்கின்படி எட்டு அணிகளில் 32 பெண்கள் இருப்பர். அவர்களை ஆறு அணிகளாகப் பிரித்தால் அணிக்கு ஐவர் அல்லது அறுவர் கிடைப்பர். ஓய்வும் கிடைக்கும், மூவர் விதியும் நிலைக்கும். இதற்கொரு விலை உண்டு. 80 ஆண்கள் ஆறு அணிகளில் அமர்ந்தால், ஒவ்வோர் ஆணின் ஆட்ட நேரமும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். என்னுடையதும்தான். பெண்களின் பற்றாக்குறை என்று நாம் பேசிவந்தது, ஆண்களின் ஆட்ட நேரத்தைக் காக்கும் ஏற்பாடாகவும் இருந்திருக்கிறது.

பயிற்சி நேரத்தையும் இத்துடன் சேர்த்தே பேசவேண்டும். பெண்கள் விடுதிகளின் நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து ‘பிஞ்ரா தோட்’ இயக்கம் 2015இல் இதே தில்லியில்தான் எழுந்தது. அவ்வாறிருக்க, பெண்கள் விடுதியின் கதவு மூடும் வேளையை ஒட்டிப் பயிற்சியை வைத்துவிட்டு, வருகைப்பதிவைப் பார்த்து நாம் வருந்துவது பொருந்தாது. காலை ஆறரை மணிக்கு மாற்றினால் தூக்கம் மட்டுமே கெடும்.

இவ்விளையாட்டில் நடுவர் இல்லை. தவறு நேர்ந்தால் ஆடுவோரே அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நேர்மையை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் எடுத்துச் செல்வோம். வாக்களிக்குமுன், விலகிச் சென்ற வீராங்கனைகளில் ஒருவரிடமேனும் ஏன் விலகினீர்கள் என்று கேட்டுவருமாறு அணித்தலைவர்களை வேண்டுகிறேன்.